பழையன கழியாத ஊர்: சர்க்யூட் போர்டுக் கோப்புகளின் இருப்பும் இறப்பும் பற்றி ஓர் ஆய்வு

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி வருவதற்குள், கண்டக்டர் "சத்திரம் எறங்கு, சத்திரம் எறங்கு" என்று கதவுத் தகரத்தைத் தட்டும் இடம் கனகம்மாசத்திரம். தணிகை முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் இவ்வூரைத் தூக்கத்தில் கடக்கிறார்கள். திரும்புகாலில் மொட்டைத் தலையோடு மறுபடியும் தூக்கத்தில் கடக்கிறார்கள். மின்னணுவியல் வரலாற்றில் இவ்வூருக்குரிய இடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை வழங்காததற்கு இந்தத் தூக்கம்தான் காரணம் என்று கருத இடமுண்டு. அக்குறையைப் போக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதி உதவி செய்தவர் எவருமில்லை.

ஆய்வாளனின் தொழில் போர்டு போடுவது. இப்படிச் சொன்னதும் இரண்டு பேர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தரும்படி முன்பணமே கொடுத்துவிட்டார்கள். ஆகவே விளக்கம் தேவைப்படுகிறது. 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழைப் பலகை ஒன்று. அதன்மேல் 35 மைக்ரான் கனத்துக்குச் செம்புத் தகடு. மின்சாரம் போக வேண்டிய பாதைகளை மட்டும் விட்டுவிட்டு மீதிச் செம்பை பெரிக் குளோரைடு போன்ற கரைசலில் கரைத்துவிட்டால், இன்னார் இன்னாரோடு சேர வேண்டும், இன்னார் இன்னாரைத் தொடக்கூடாது என்ற ஆணை செம்பில் நின்றுவிடும். சுருங்கச் சொன்னால், செப்பேடு.

ஆய்வுச் சிக்கல் இதுதான்: இந்தச் செப்பேட்டைச் செய்து முடிப்பதற்குள் கணினியில் நூற்றுக்கணக்கில் கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் எதை வைப்பது, எதை அழிப்பது? "வேணுங்கிறத வெச்சுக்க, வேணாததைத் தூக்கிப் போடு" என்று வீட்டில் விடை சொன்னார்கள். இவ்வளவு எளிதான விடையை ஏற்றுக்கொண்டால் ஆய்வுக்கு இடமில்லாமல் போய்விடும் என்பதால் அது மறுக்கப்படுகிறது. மேலும், வீட்டின் பரணில் 1994-ஆம் வருடத்து கேஸ் சிலிண்டர் ரசீது பத்திரமாக இருப்பதை ஆய்வாளன் கண்ணால் கண்டிருக்கிறான்.

களம்

செம்பில் ஆணை எழுதுவது இந்த வட்டாரத்துக்குப் புதிய தொழில் அல்ல. சத்திரத்திலிருந்து வண்டியில் சில நிமிடத் தூரம் திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கே இருக்கிறது. காலால் மிதிக்கக் கூடாதென்று காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் தலம். இங்கே 1905-ல் ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளிப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனுடையது. மொத்தம் 31 ஏடுகள். அருகிலுள்ள பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியை, அரசனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பதிவு செய்கிறது. இன்றைக்கும் திறந்து படிக்கலாம். சார்ஜர் தேவையில்லை.

அந்தப் பழையனூரில் ஆய்வாளனின் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். 2014-ல் அவருடைய போர் மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் போர்டு செய்து கொடுத்தேன். மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போடும். ஒரு ஃபேஸ் போனால் காயில் எரிவதற்குள் நிறுத்திவிடும். 2023-ல் ஒரு நாள் காலை டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"டேய், அந்த போர்டு இடி வுழுந்து பூட்ச்சு. அதே மாதிரி ஒண்ணு குடு."

"அதே மாதிரியா சித்தப்பா? இப்ப புதுசா மொபைல்ல போடற மாதிரி..."

"அதே மாதிரிடா. புச்சா எதுவும் பண்ணாத. நீ புச்சா பண்ணா ஓடாது."

வீட்டுக்கு வந்து கணினியில் அந்த போர்டின் கோப்புகள் இருந்த அடைவைத் திறந்தேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய செப்பேட்டை அறிஞர்கள் வரிக்கு வரி படித்துக் காட்டிய ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது வருடத்துக்கு முன் நானே செய்த செப்பேட்டை என்னால் படிக்க முடியவில்லை. ஆய்வு அந்த இடத்தில் தொடங்குகிறது.

முன்னோர் கொள்கைகள்

இப்பொருள்பற்றி உலகத்தில் நான்கு மதங்கள் நிலவுகின்றன.

முதலாவது சர்வாஸ்திவாதம். எல்லாம் உண்டு, எல்லாவற்றையும் வை என்பர். ஹார்டு டிஸ்க் மலிவு என்பது இவர்களின் ஒரே பிரமாணம். இதன் குற்றம் என்னவெனில், எல்லாமும் இருக்குமிடத்தில் எதுவும் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டு ஸ்டோர் ரூமில் உப்பு தேடியவர்கள் இதை அறிவர்.

இரண்டாவது சூனியவாதம். வேலை முடிந்தது, பணம் வந்தது, அழித்துவிடு என்பர். ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளை உ.வே.சாமிநாதையர் நொந்து எழுதிய நாட்டில் இந்த மதத்தை மறுக்க வேறு வாதம் வேண்டியதில்லை.

மூன்றாமவர் மூலவாதிகள். சர்க்யூட் வரைபடமும் லேஅவுட்டும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிறக்கும் என்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றெடுக்கும் மென்பொருள் உயிரோடு இருந்தால்தானே பிள்ளை பிறக்கும்? ஈகிள் என்ற மென்பொருள் 1988-ல் ஜெர்மனியில் வந்தது. உலகம் முழுக்க மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் அதில்தான் போர்டு போட்டார்கள். 2016-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. 2026 ஜூனோடு கடையைச் சாத்துவதாக 2023-ல் அறிவித்தது. பொதுமக்கள் முயற்சியில் வளர்ந்த கைகாட், கிரெனோபிள் நகரில் பாடம் சொல்லிக்கொடுத்த ழான்-பியேர் ஷாரா 1992-ல் தொடங்கியது, இன்னும் நன்றாக ஓடுகிறது என்றாலும் அதுவும் நடுவில் தன் எழுத்து முறையை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்துக்காரர்களின் கதை இன்னும் வேடிக்கை. 1086-ல் அவர்கள் அரசன் எடுத்த நிலக் கணக்குப் புத்தகம், நம் பழையனூர்ச் செப்பேட்டுக்கு 68 வயது இளையது, இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டைக் கொண்டாட 1986-ல் பிபிசி நாடு முழுவதும் தகவல் திரட்டி லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்தே வருடத்தில் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதித்தான் அதை மீட்டார்கள்.

நான்காமவர் விளைவுவாதிகள். போர்டு அடிக்கிறவருக்கு அனுப்பிய கெர்பர் கோப்பு இருந்தால் போதும் என்பர். இவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்பதால் தனியே ஆராய வேண்டும்.

கெர்பர் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் கெர்பர் 1924-ல் வியன்னாவில் பிறந்து, 1940-ல் அமெரிக்காவுக்கு அகதியாகப் போனவர். கல்லூரியில் படிக்கும்போது கணக்குப் போடுவதற்கு, இழுத்தால் நீளும் அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. தன் பைஜாமாவின் இடுப்பு எலாஸ்டிக்கை உருவி எடுத்து அதில் கோடு போட்டுக்கொண்டார். அதிலிருந்து ஒரு கம்பெனியே பிறந்தது. அந்தக் கம்பெனி பின்னாளில் ஒளியால் ஃபிலிமில் படம் வரையும் இயந்திரங்களைச் செய்தது. அவற்றுக்கு ஆணையிட எழுதிய மொழிதான் இன்று உலகத்தில் போர்டு அடிக்கும் எல்லாரும் கேட்கும் கெர்பர். (எலாஸ்டிக் போன பிறகு அந்தப் பைஜாமா என்னவாயிற்று என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.)

பழைய கெர்பரில் ஒரு பொறி உண்டு. எங்கே கோடு போட வேண்டும் என்று மட்டும் அதில் இருக்கும்; எவ்வளவு தடிமனான கோடு, வட்டமா சதுரமா என்பது வேறொரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலைத் தொலைத்தவர்கள் கையில் எஞ்சியது புள்ளி தெரிந்து புள்ளியின் பருமன் தெரியாத கோலம். 1998-ல் வந்த விரிவான வடிவம் பட்டியலையும் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இப்போது அதைப் பராமரிக்கும் பெல்ஜியத்து யுகாம்கோ நிறுவனம் பழைய முறையைக் கைவிடச் சொல்லி 2014-லேயே அறிவித்துவிட்டது. ஓட்டை போடும் டிரில் கோப்பிலும் இதே வம்பு. அளவு அங்குலமா மில்லிமீட்டரா, எண்ணின் எந்தப் பக்கத்துச் சுழியம் விடப்பட்டிருக்கிறது என்று தலைப்பில் எழுதாவிட்டால், ஓட்டைகள் எல்லாம் போர்டின் ஒரு மூலையில் எறும்புப் புற்றுபோல் கூடிவிடும். ஒருமுறை எனக்குக் கூடின. தலைப்பில் எழுதாதவன் நான்தான்.

விளைவுவாதத்தின் உண்மையான குறை வேறு. கெர்பரை வைத்து அதே போர்டை ஆயிரம் தடவை அடிக்கலாம். ஒரு ரெசிஸ்டரை ஒரு மில்லிமீட்டர் நகர்த்த முடியாது. சோழர்களுக்கும் இதுவே நேர்ந்தது. ஒரு தானம் செம்பில் ஏறுவதற்கு முன் அரசனின் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எழுதுபவர் ஓலையில் எழுதினார். ஓலை நாயகங்கள் சரிபார்த்தார்கள். வரிக் கணக்கர்கள் தங்கள் பொத்தகத்தில் ஏற்றினார்கள். அந்த ஓலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது கடைசியில் வெட்டிய செம்பு மட்டுமே. இராசேந்திரனின் அலுவலகமும் கெர்பரை வைத்துவிட்டு மூலத்தைத் தொலைத்த அலுவலகம்தான் என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

கோப்பின் உறுப்பிலக்கணம்

பகுபதத்துக்கு ஆறு உறுப்புகள் என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது இப்படிப் பயன்படும் என்று அந்த ஆசிரியர் நினைத்திருக்கமாட்டார். சர்க்யூட் வரைபடமும் லேஅவுட்டும் பகுதி. கெர்பரும் டிரில்லும் விகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே யார் யாரோடு சேருகிறார்கள் என்று பட்டியலிடும் நெட்லிஸ்ட் இடைநிலை. இடைநிலை காலம் காட்டும் என்பது விதி, நெட்லிஸ்ட்டும் இந்த லேஅவுட் எந்தக் காலத்து வரைபடத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். போர்டு மேசைமேல் பளபளவென்று நிற்பதுபோலத் தெரியும் முப்பரிமாணப் படங்கள் சாரியை: பொருள் இல்லை, பார்க்க நன்றாயிருக்கும். "ஃபைனல்", "ஃபைனல்-2", "ஃபைனல்-நியூ-ஓகே" ஆகியவை விகாரம். கோப்புக்கு "ஃபைனல்" என்று பெயரிடுவதை இலக்கணிகள் ஆகுபெயர் என்பர். ஆகும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் ஆதலின்.

எஞ்சியது சந்தி. நான் வழுக்கி விழுந்த இடம் அதுதான். பழைய கைகாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் "கேச்" என்று முடியும் ஒரு கோப்பு தானாகவே பிறக்கும். கேச் என்றால் தற்காலிகம், கணினி தன் வசதிக்கு எழுதி வைத்துக்கொள்வது, அழித்தால் மறுபடி எழுதிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். பெயர் அப்படி. உண்மையில், வரைபடத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு பாகத்தின் உருவமும் அந்தக் கோப்பில்தான் பிரதி எடுத்து வைக்கப்பட்டிருந்தது. வரைபடக் கோப்பில் இருந்தது "இங்கே அது" என்ற சுட்டு மட்டும். 2016-ல் டிஸ்க்கைச் சுத்தம் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தில், கேச் எல்லாவற்றையும் அழித்தேன். 2023-ல் வரைபடத்தைத் திறந்தபோது கம்பிகள் இருந்தன, பெயர்கள் இருந்தன. ஐசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு கேள்விக்குறிகள். ரிலே இருக்க வேண்டிய இடத்திலும் இரண்டு கேள்விக்குறிகள். சந்தி பிரித்த பிறகு பதம் கிடைக்காமல் போன இடம். 2021 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு முதல் பாகங்களின் உருவமும் வரைபடத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது நல்ல செய்தி. எனக்கு ஐந்து வருடம் தாமதமாக வந்த நல்ல செய்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கெர்பர் தொகுப்பையும் அழித்தேன். லேஅவுட்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற மூலவாத மயக்கம். லேஅவுட் கோப்பு திறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் "ஃபைனல்", "ஃபைனல்-2", "ஃபைனல்-நியூ-ஓகே" என்று மூன்று இருந்தன. மூன்றும் வெவ்வேறு போர்டுகள். சித்தப்பாவின் கொட்டகையில் ஒன்பது வருடம் ஓடியது எது? கடைசித் தேதி உள்ளதுதான் சரியானது என்று பாமரர் சொல்வர். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் முன்னால் வடமொழிப் பகுதி, பின்னால் தமிழ்ப் பகுதி. தானம் நடந்தது 1018 வாக்கில். முன்னால் நிற்கும் வடமொழிப் பகுதியோ அதற்கு வருடங்கள் கழித்து நடந்த கடாரப் படையெடுப்பையும் பேசுகிறது. அதாவது முதல் ஏடு கடைசியில் எழுதப்பட்டது. கோப்பின் தேதியை நம்பி முடிவெடுக்கிறவர்கள் இந்த ஏடுகளுக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

அழிக்காமல் நான் வைத்திருந்தவை எவை என்று கேட்பீராயின்: ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரின் டேட்டாஷீட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் பொட்டலம் கட்டித் தரும் பொருள். அதற்குப் பல பக்கம் விளக்கம். பிறகு, போர்டு பச்சையாக இருந்தால் எப்படி, நீலமாக இருந்தால் எப்படி என்று ஆறு படங்கள். தானாகச் சேமித்த பிரதிகள், எண்ணி மாளாதவை.

எல்லைத் தகராறு

ஒரு போர்டின் கோப்புகளுள் மிகச் சாதாரணமாகத் தோன்றுவது எல்லைக் கோடு. போர்டை எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு செவ்வகம். பலர் இதைத் தனியே அனுப்ப மறந்து, அடிக்கிறவரிடமிருந்து போன் வந்த பிறகு நினைத்துக்கொள்வார்கள். சோழர்கள் மறக்கவில்லை. ஊரைத் தானம் கொடுக்கும்போது ஒரு பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றி நடத்திக் கொண்டுபோய், அது போன வழியெல்லாம் கல் நட்டு, கள்ளி நட்டு, அந்த எல்லையைக் கிழக்கே இது, தெற்கே இது என்று செம்பில் வரிவரியாக எழுதினார்கள். பிடியானையை மௌஸாகப் பயன்படுத்தியவர்கள் என்க.

எல்லையில் நிற்கும் கோப்புகள் எந்த அடைவுக்குச் சொந்தம் என்பது இன்னொரு வழக்கு. ஒரு ரிலேயின் உருவமும் கால் அளவும் பத்து போர்டுகளுக்குப் பொதுவான நூலகத்தில் இருக்கும். ஒரு போர்டை மூட்டை கட்டும்போது ரிலே யாரோடு போகும்? இந்த வட்டாரத்துக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிக்காக ம.பொ.சி. போராடினார்; எல்லைத் தகராறைத் தீர்க்கும் நடுவராகப் படாஸ்கர் வந்து ஊர்தோறும் கணக்குப் பார்த்தார்; 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. படாஸ்கர் கையாண்ட சூத்திரம் மூன்று சொல்: கிராமமே அலகு, மொழி பேசுவோர் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி. கோப்புகளுக்கு அது பொருந்தாது என்பது என் தீர்ப்பு. கிராமத்துக்குப் பிரதி எடுக்க முடியாது, ரிலேக்கு முடியும். பொது நூலகத்திலிருந்து பயன்பட்ட பாகம் அத்தனைக்கும் பிரதி எடுத்து அந்தந்த போர்டின் மூட்டைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். நேரு காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் எவ்வளவோ தடியடி மிச்சம்.

கள்ளி என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. பழையனூர் நீலியின் கதையில், பேய் ஒன்று பெண்ணாகி, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வழிப்போக்கனான வணிகனைத் தன் கணவன் என்று ஊர்ச் சபையில் நிறுத்தியது. குழந்தை அவனை "அப்பா" என்றது. சபையிலிருந்த வேளாளர் எழுபது பேரும் கண்ணால் கண்ட சான்றை நம்பி, இவனுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிர் என்று வாக்குக் கொடுத்து, மறுநாள் அவன் பிணத்தைக் கண்டதும் தீயில் இறங்கினார்கள். அவர்களின் வாய்மையைப் பலர் பாடிவிட்டார்கள். இவ்வாய்வு அவர்களின் ஆவணச் சரிபார்ப்பு முறையை மட்டுமே கவனிக்கிறது. எல்லையை உறுதிசெய்ய நட்ட அதே செடி, அதே ஊரில், போலிச் சான்றாகவும் வந்து நின்றது. "ஃபைனல்-நியூ-ஓகே" என்ற கோப்பு என்னைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டபோது நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

சத்திரத்து விதி

பழங்காலச் சத்திரங்கள் பலவற்றில் வழிப்போக்கர் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்று வழக்கம் இருந்தது. கனகம்மா என்ற யாரோ ஒரு புண்ணியவதியின் பெயரைத் தாங்கிய ஊரில் செய்யப்படும் ஆய்வு அந்த வழக்கத்தைக் கடன் வாங்குவது முறையே. யாரைத் திண்ணையோடு அனுப்புவது, யாருக்குச் சாவி கொடுப்பது என்று ஒரு கணக்குப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "இது எனக்குத் தேவையா?" அன்று. நான் செத்துப்போன பிறகு, அல்லது ஊரை விட்டுப் போன பிறகு, என்னைக் கேட்க வழியில்லாத ஒருவன் இந்த போர்டைச் செய்ய நேர்ந்தால் அவனுக்கு எது இல்லாமல் கை ஒடியும்? ஒன்பது வருடம் கழித்து வந்த நானே எனக்கு அப்படிப்பட்ட அந்நியன் என்பது அனுபவத்தில் தெரிந்தது.

அவனுக்கு வேண்டியவை பெரிய மூட்டை அல்ல. மூலக் கோப்புகள், பாகங்களின் நூலகப் பிரதியோடும் மென்பொருளின் பதிப்பு எண்ணோடும். எந்த மென்பொருளும் இல்லாமல் பார்க்கக்கூடிய ஒரு பிடிஎஃப் வரைபடம். போர்டு அடிக்கிறவருக்கு உண்மையில் அனுப்பிய அதே சுருக்கப் பொதி. புதிதாக எடுத்த கெர்பர் ஆகாது, அனுப்பியதேதான், அவர் போனில் கேட்டு நான் "சரி" என்று சொன்ன திருத்தங்களோடு. சாமான் பட்டியலில் "கெப்பாசிட்டர் 100" என்று மட்டும் இருந்தால் பிரயோசனமில்லை. எந்தக் கம்பெனி, என்ன எண், அது நின்றுபோனால் எது பொருந்தும் என்று வேண்டும். மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஏற்றிய ஹெக்ஸ் கோப்பும் அதன் மூல நிரலும். இனிமேல் தயாராகாத ஐசிகளின் டேட்டாஷீட். ரெசிஸ்டருக்கு வேண்டாம், நான் அவமானப்பட்டது போதும். ஏன் இப்படிச் செய்தேன் என்று அரைப் பக்கம் குறிப்பு, தமிழிலேயே இருந்தாலும் சரி. பவணந்தியார் பழையவை கழிவதைக் குற்றமில்லை என்றார்; சொற்களைப் பற்றிச் சொன்னார், இவற்றைப் பற்றி அல்ல.

இவற்றையெல்லாம் சோழர்கள் ஏடுகளை வளையத்தில் கோத்து முத்திரை வைத்ததுபோல ஒரே பொதியாகக் கட்டி, இனி யாரும் நடுவில் ஏடு செருக முடியாதபடி பூட்டி, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். தானாகச் சேமித்த பிரதிகளும் ஆறு வண்ணப் படங்களும் மூன்று நாள் முடிந்ததும் வெளியேறலாம். ஏடு செல்லரிப்பதற்குள் பெயர்த்தெழுதி வைத்தவர்கள் பரம்பரையில் வந்தவர்கள், சில வருடத்துக்கு ஒருமுறை பொதியைத் திறந்து பார்ப்பது பெரிய பாரமில்லை.

இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருப்பதைச் சித்தப்பாதான் காட்டினார். மூன்று "ஃபைனல்"களோடு நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த வாரம், மாட்டுத் தீவனப் பையில் எதையோ சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இடி விழுந்த பழைய போர்டு. கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தாராம்.

"செத்த போர்டை எதுக்கு சித்தப்பா மாட்டி வெச்சீங்க?"

"காசு குடுத்து வாங்குனதுடா. தூக்கிப் போட மனசு வருமா?"

அவர் அன்று கொடுத்தது பாதிக் காசு என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

போர்டை மூன்று லேஅவுட்டுகளோடும் வைத்துப் பார்த்தேன். அது "ஃபைனல்-2". "ஃபைனல்-நியூ-ஓகே" ஒருபோதும் அடிக்கப்படாத கள்ளிக் கொம்பு. ஐசி எரிந்துபோயிருந்ததால் அதற்குள்ளிருந்து எதையும் படிக்க முடியவில்லை. ஹெக்ஸ் கோப்பு 2014-ல் நானே எனக்கு அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல் ஒன்றில் இணைப்பாகக் கிடந்தது. ஆனால் போர்டின் பின்பக்கத்தில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், என் கையெழுத்தில், ஒரு வரி இருந்தது: ஆர்-7-க்கு 10கே வேண்டாம், 4.7கே போடவும். ராத்திரியில் வரும் குறைந்த வோல்டேஜில் மோட்டார் கிளம்பாமல் அடம்பிடித்ததற்கு, கொட்டகையில் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்த மாற்றம். மூலத்திலும் இல்லை, கெர்பரில் இருந்திருக்கவும் வழியில்லை, எந்த ஃபைனலிலும் இல்லை. செம்பின் முதுகில் மட்டும் இருந்தது. ஆகவே, வேலை செய்யும் போர்டு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்து, பொதியோடு சேர்த்து வைக்க வேண்டும் என்பது திருத்தப்பட்ட முடிபு.

புதிய போர்டு 4.7கே-யோடு பழையனூரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. பழையனூர்க்காரர்கள் கொடுக்க வேண்டியதெல்லாம் ஆலங்காட்டு ஆண்டவனுக்குத்தான் என்று இராசேந்திரன் காலத்திலேயே செம்பில் எழுதியாகிவிட்டது, வேண்டுமானால் போய்ப் படித்துப் பார் என்கிறார் சித்தப்பா.